காலை 8.15 வகுப்பும் 6.40 பேருந்தும்: பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் வடமேற்குப் பகுதியில், ஒரு சிறுநகரத்தை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பின் ஒரு பிரிவில் 38 பேர். அவர்களில் 11 பேர் ஒரே தடத்தில் ஓடும் நகரப் பேருந்தில் வருபவர்கள். தடத்தின் கடைசி ஊர் பள்ளியிலிருந்து 18 கி.மீ. தொலைவு, ஆய்வுக்குரிய மாணவி அந்த ஊர்க்காரர். வயது 15. அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். அது இல்லாத நாட்களில் தக்காளி பறிக்கப் போவார். தம்பி உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அடையாளம் காட்டிவிடக்கூடிய மற்ற விவரங்கள் இங்கே தரப்படவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் 52 வாங்கியவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டார், கேட்டால் பதில் சொல்வார் என்பதே ஆசிரியர்களின் நினைவு. பத்தாம் வகுப்பு ஜூலை இடைத்தேர்வில் கணிதம் 50-க்கு 23. ஆகஸ்டில் சிறப்பு வகுப்புகள் தொடங்கின. பள்ளி நேரம் காலை 9.20 முதல் மாலை 4.10 வரை, சிறப்பு வகுப்பு காலை 8.15 முதல் 9.05 வரையும், மாலை 4.20 முதல் 5.40 வரையும். செப்டம்பர் காலாண்டுத் தேர்வில் தமிழ் 44, ஆங்கிலம் 29, கணிதம் 17, அறிவியல் எழுத்துத் தேர்வு 75-க்கு 18, சமூக அறிவியல் 38. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வில் மட்டும் 20 வேண்டும். ஆக, மூன்று பாடங்களில் தோல்வி.

அக்டோபர் முதல் வாரம் 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்ற தலைப்பில் 14 பெயர்கள் வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டன. அந்தப் பதினான்கு பேரும் முன் இரண்டு பெஞ்சுகளுக்கு மாற்றப்பட்டார்கள். தலைப்பு மென்மையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதை 'மெல்ல குரூப்' ஆக்கிவிட்டார்கள்.

கவனித்தவை

காலாண்டுக் கணித விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் வகுப்பாசிரியர் அதை மறுபடி புரட்டிப் பார்த்தார். இந்த ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. மதிப்பெண்ணைவிட விடைத்தாளின் தோற்றம் அவருக்கு அதிகம் சொன்னது. மாணவி ஏழு இடங்களில் வினா எண்ணை மட்டும் எழுதி விட்டிருந்தார். நான்கு இடங்களில் பென்சிலில் எழுதி அழித்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அழித்த நான்கில் இரண்டு சரியான விடைகள். வரைபட வினாவில் அட்டவணை போட்டிருந்தார், வரைபடத்தாள் வெறுமையாக இருந்தது.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். வினா, 'ஒய் = எக்ஸ் வர்க்கம் + எக்ஸ் − 2' என்பதன் வரைபடம். எக்ஸுக்கு −3 முதல் 3 வரை மதிப்பிட்டால் ஒய் முறையே 4, 0, −2, −2, 0, 4, 10 என்று வரும். தாளில் அழகாக அடங்கும். மாணவி −3-இன் வர்க்கத்தை 9 என்று எழுதாமல் −9 என்று எழுதியிருந்தார். அதனால் முதல் மதிப்பு −14 ஆகிவிட்டது. இந்த மதிப்புகளைக் குறித்தால் இடது பக்கப் புள்ளிகள் தாளின் அடிவரை இறங்கிப் போகும், எதிர்பார்த்த வளைவரை கிடைக்காது. தவறு ஒரே ஒரு குறியில். தனக்கு இது வராது என்று முடிவு கட்டி அவர் வினாவை விட்டிருக்கிறார்.

வகுப்பில் வேறு சில அடையாளங்களும் தெரிந்தன. கேள்வி முடியும் முன்பே "தெரியாது மிஸ்" என்பார். எழுதும்போது இடக்கையால் நோட்டை மறைத்துக்கொள்வார். வீட்டுப்பாடம் மட்டும் தவறாமல் முடிந்திருக்கும், எல்லாம் சரியாகவும் இருக்கும். இந்த முரண்பாட்டை இரண்டு மாதமாக யாரும் கேட்கவில்லை. கேட்டபோது விடை எளிதாகக் கிடைத்தது: காலையில் பள்ளி வாசலில் உட்கார்ந்து தோழியின் நோட்டைப் பார்த்து எழுதியது. பார்த்து எழுதியவருக்கு அதிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடுமோ என்ற அச்சம் நாள் முழுக்க இருக்கும். 'தெரியாது' என்று முந்திக்கொள்வது அதற்கான பாதுகாப்பு.

உடல் காரணங்களும் பார்க்கப்பட்டன. கண் பரிசோதனையில் குறையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.8 கிராம், இந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் தேநீரோடு விழுங்கியிருக்கிறார். உடல் இரும்பை ஏற்பதைத் தேநீர் குறைத்துவிடும். சுகாதார நிலையம் மூன்று மாதத்துக்குத் தனியாக மாத்திரை தந்தது, மதிய உணவுக்குப் பிறகு பள்ளியிலேயே போட ஏற்பாடானது. பின்னால் வந்த முன்னேற்றத்தில் இதற்கும் பங்குண்டு. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

நேரக் கணக்கு

அம்மாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசியபோது அவர் சொன்னது: "ராத்திரி புத்தகத்த மடியில வச்சிக்கிட்டே தூங்கிடுது சார். எழுப்பிப் படின்னா அழுவுது." அதன்பின் ஐந்து நாட்களுக்கு ஓர் எளிய தாள் கொடுக்கப்பட்டது. எழுந்த நேரம், பேருந்து ஏறிய நேரம், வீடு திரும்பிய நேரம், புத்தகம் எடுத்த நேரம், படுத்த நேரம் ஆகியவை மட்டும். அறிவுரைக்கு அதில் இடமில்லை.

கிடைத்த கணக்கு இது. குழாய்த் தண்ணீர் காலை 5 மணிக்கு வரும், முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். மகள் 4.45-க்கு எழுந்து தண்ணீர் பிடிக்க, அம்மா அதே நேரத்தில் சமைப்பார், 6.40 பேருந்துக்கு அப்படிச் செய்தால்தான் முடியும். பேருந்து 7.25-க்கு வந்து சேரும். வாசல் 8.10-க்குத்தான் திறக்கும். அடுத்த பேருந்து ஊரில் 7.50-க்கு, இங்கே 8.35-க்கு, அதில் வந்தால் பள்ளிக்குத் தாமதமில்லை, சிறப்பு வகுப்புக்குத்தான் தாமதம். மாலையில் 5.10-க்கு ஒரு பேருந்து, அதைவிட்டால் 6.40. சிறப்பு வகுப்பு 5.40-க்கு முடிவதால் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். வீடு சேர 7.25. சாப்பாடு, பாத்திரம், தம்பியின் பாடம் எல்லாம் முடிந்து புத்தகம் எடுக்க 9 மணி. படுக்க 11.15. தூக்கம் ஐந்தரை மணி நேரம்.

சிறப்பு வகுப்பு இரண்டும் சேர்ந்து 130 நிமிடம். அதற்காக வீட்டில் இழந்தது காலையில் 70, மாலையில் 90, மொத்தம் 160 நிமிடம். உள்ளூர்ப் பிள்ளைக்கு 130 நிமிடப் பாடம் 130 நிமிடத்துக்கே கிடைத்தது. பேருந்துப் பிள்ளை கூடுதலாக அரை மணி நேரம் இழந்தது, அதுவும் தூக்கத்திலிருந்தும் சொந்தமாகப் படிக்கும் நேரத்திலிருந்தும். சுவரில் ஒட்டிய 14 பேரில் 8 பேர் இந்தப் பேருந்தில் வருபவர்கள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டியலை எழுதியவர்களே அதைக் கவனித்திருக்கவில்லை.

பதின்வயதில் உடலின் உறக்கக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. கலிபோர்னியா மாநிலம் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நம் பள்ளிகள் 9 மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன, நமக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அட்டவணையில் 9.20 என்று இருந்தது. மாணவியின் பள்ளி நாள் 6.40 பேருந்திலேயே தொடங்கிவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அக்டோபர் மூன்றாம் வாரம் தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், கணித ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய் ஆகியோர் கூடினார்கள். முதலில் நான்கு வழிகள் பேசப்பட்டன.

மாணவியை நகரத்து அரசு விடுதியில் சேர்ப்பது ஒன்று. தம்பியை மாலையில் பார்க்க ஆளில்லை என்று அம்மா மறுத்தார். அது நியாயமான மறுப்பு. பேருந்து நேரத்தை மாற்றக் கேட்பது இன்னொன்று. போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு போனது, ஆனால் அதை நம்பிக் காத்திருப்பதில்லை என்று முடிவானது. சிறப்பு வகுப்பிலிருந்து முழுவதும் விலக்குவது மூன்றாவது. இதை மாணவியே ஏற்கவில்லை. 'என்னைக் கைவிட்டுவிட்டார்கள்' என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள் என்றார். தன்னைப் பற்றி அவர் நீளமாகப் பேசியது அதுவே முதல் முறை. நான்காவது, நேரத்தைப் பேருந்துக்கு ஏற்ப மாற்றுவது.

நான்காவது வழியே எடுக்கப்பட்டது. பேருந்தில் வரும் 11 பேருக்கும் காலை வகுப்பு கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது தொடரும். மாலை வகுப்பு எல்லோருக்கும் 4.20 முதல் 4.55 வரை, 35 நிமிடம் மட்டும். பேருந்து நிலையம் பத்து நிமிட நடை என்பதால் 5.10-ஐப் பிடித்துவிடலாம். இழந்த காலை வகுப்புக்கு ஈடாக, கணிதத்துக்கு எடுத்துக்கொண்டிருந்த நூலகப் பாடவேளை ஒன்றும் உடற்கல்விப் பாடவேளை ஒன்றும் யோசிக்கப்பட்டன. நூலகப் பாடவேளை, ஆசிரியர் கூட இருக்க, பேருந்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் தாங்களே செய்யும் நேரமானது. உடற்கல்விப் பாடவேளை உடற்கல்விக்கே திரும்பியது. பத்தாம் வகுப்புக்கு விளையாட்டா என்று முணுமுணுப்பு வந்தது. உட்கார்ந்தே இருக்கும் பிள்ளை கடைசி இரண்டு பாடவேளைகளில் தூங்குகிறது என்பதைப் பார்த்தவர்கள் அதிகம் எதிர்க்கவில்லை.

சுவரிலிருந்த பட்டியல் எடுக்கப்பட்டது. இருக்கைகள் பழையபடி ஆயின.

தன்னம்பிக்கையைப் பற்றித் தனியாக எந்த நிகழ்ச்சியும் வைப்பதில்லை என்பதும் ஒரு முடிவு. அக்டோபர் தொடக்கத்தில் வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் ஊக்க உரை ஆற்றினார். பிள்ளைகள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். அடுத்த வாரச் சிறுதேர்வில் எதுவும் மாறவில்லை. 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதியதில், தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்துக்கு முதலிடம். பிறர் சொல்லும் ஊக்கம் அதைவிட மெலிந்தது. களைப்பும் படபடப்பும்கூட 'நம்மால் ஆகாது' என்ற செய்தியாக மனதுக்குப் போய்ச் சேரும் என்பதும் அதில் உண்டு. ஐந்தரை மணி நேரம் தூங்கியவருக்கு அந்தச் செய்தி தினமும் காலையிலேயே போய்க்கொண்டிருந்தது.

செயல்படுத்திய விதம்

மாலை 35 நிமிடத்துக்கு ஒரே விதி: அன்று தொடங்கும் வேலை அன்றே முடியக்கூடியதாக இருக்க வேண்டும். கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. இந்த 30-க்குச் சூத்திரக் கடலை நீந்த வேண்டியதில்லை. அதற்கு மேல் மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் சரியானால் 36.

முதல் இரண்டு வாரம் வரைபடம் மட்டும். அதிலும் முதல் மூன்று நாட்கள் அட்டவணை மட்டும். எக்ஸ்-வர்க்க வரிசையை நடுவிலிருந்து எழுதப் பழக்கினார்கள்: முதலில் 0, பிறகு வலப்பக்கம் 1, 4, 9, அதையே இடப்பக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல 1, 4, 9. இப்படி எழுதினால் −9 வர வாய்ப்பே இல்லை. நான்காம் நாள் அளவுத்திட்டம், ஐந்தாம் நாள் புள்ளிகள், அடுத்த வாரம் வளைவரை. ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், முடியாவிட்டாலும் அழிக்கக் கூடாது என்ற பழக்கமும் சேர்ந்தது. அழிப்பானை மேசையில் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது.

பிறகு வடிவொத்த முக்கோணம். இங்கே பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுவது எத்தனை புள்ளி குறிப்பது, எதை எதனோடு இணைப்பது என்ற இடத்தில். அளவு காரணி, அதாவது புதிய முக்கோணத்தின் பக்கம் பழையதில் எத்தனை பங்கு என்பது, 3/5 என்றால் ஒரு முனையிலிருந்து இழுத்த கதிரில் 5 புள்ளி. ஐந்தாவதை முக்கோணத்தின் மற்றொரு முனையோடு இணைத்து, மூன்றாவதிலிருந்து இணைகோடு. 7/3 என்றால் 7 புள்ளி. மூன்றாவதை இணைத்து, ஏழாவதிலிருந்து இணைகோடு. 'பெரிய எண் அளவுக்குப் புள்ளி, கீழ் எண்ணில் இணை, மேல் எண்ணில் இணைகோடு' என்று அவர்களே ஒரு வாய்ப்பாடு போட்டுக்கொண்டார்கள்.

முடித்த தாளுக்கு மதிப்பெண் போடவில்லை. தேதியும் ஆசிரியரின் கையெழுத்தும் மட்டும். தாள்களை மாணவியே ஒரு கோப்பில் சேர்த்து வைத்தார்.

இரண்டாம் வாரம் ஒரு பிசகு நடந்தது. முன்னேற்றத்தைக் கண்ட கணித ஆசிரியர் அவரை வகுப்பு முழுவதன் முன் கரும்பலகைக்கு அழைத்தார். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றார், ஒரு கோடும் வரவில்லை. பின் பெஞ்சில் யாரோ 'மெல்ல' என்றார்கள். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. தனியாகச் செய்யத் தெரிவதும் 37 பேர் பார்க்கச் செய்வதும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் கணக்கில் எடுக்கவில்லை. நல்ல எண்ணத்தால் நடந்த பிழை. அதன்பின் ஒரு வரிசை வைக்கப்பட்டது. முதலில் தாளில், பிறகு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லித் தருவது, பிறகு மாலைக் குழுவின் முன் பலகையில், அதற்கும் பிறகு அவரே கை தூக்கினால் மட்டும் வகுப்பில். கை தூக்கியது டிசம்பர் முதல் வாரத்தில்.

நடந்தவை

காலையில் அவசரம் குறைந்ததால் சமையல் தள்ளிப்போனது; 5 மணித் தண்ணீரை அம்மாவே பிடித்துக்கொண்டார். மாணவி எழுவது 5.45, படுப்பது 10.15. ஏழரை மணி நேரம். பரிந்துரைக்கும் அளவைவிடக் குறைவுதான், முன்பைவிட இரண்டு மணி நேரம் அதிகம். நவம்பர் நடுவில் வீட்டுப்பாடத்தில் முதல்முறையாகத் தவறுகள் வரத் தொடங்கின. வகுப்பாசிரியர் அதை நல்ல அறிகுறி என்றே குறித்துவைத்தார். பார்த்து எழுதுவது நின்றுவிட்டது.

டிசம்பர் அரையாண்டில் கணிதம் 34. தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைவு. அழுவார் என்று ஆசிரியர்கள் அஞ்சினார்கள். அவரோ விடைத்தாளை எடுத்துவந்து, ஒரு மதிப்பெண் வினாக்களில் எந்த இரண்டு தவறு என்று கேட்டார். ஜனவரி முதல் திருப்புதலில் 41, இரண்டாவதில் 38.

பிப்ரவரியில் பள்ளி பின்வாங்கியது. தேர்ச்சி விகிதம் குறித்த நெருக்கடியில் மாலை வகுப்பு மூன்று வாரம் மறுபடி 5.40 வரை நீண்டது. அந்த மூன்று வாரமும் பேருந்துப் பிள்ளைகளின் சிறுதேர்வுத் தாள்களில் வெற்றிடம் கூடியது. 11 பேரில் 4 பேர் பார்த்து எழுதுவதற்குத் திரும்பினார்கள். நான்காம் வாரம் பழைய 4.55-க்கே வந்தார்கள். திட்டமிட்டுச் செய்த சோதனை இல்லை என்றாலும், நேரம்தான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த ஆண்டில் கிடைக்கவில்லை.

பொதுத்தேர்வில் கணிதம் 47, ஆங்கிலம் 36, மற்றவற்றிலும் தேர்ச்சி. ஆங்கிலத்துக்கு இந்த முறையில் எதுவும் செய்யப்படவில்லை. அது விளிம்பில் தப்பியது.

மற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் தேர்ச்சி பெற்றார்கள். ஒரு மாணவி திருமணப் பேச்சால் ஜனவரியில் நின்றார். குழந்தைகள் உதவி எண்ணான சைல்டுலைன் 1098 வழியே திருமணம் தடுக்கப்பட்டது, ஆனால் தேர்வுக்கு வரவில்லை. ஒரு மாணவர் கிடைத்த காலை நேரத்தில் பூப்பறிக்கப் போனார், இரு பாடங்களில் தோற்றார். மிச்சமாகும் நேரம் தானாகத் தூக்கத்துக்கோ படிப்புக்கோ போய்விடாது. வீட்டில் கூலி தேவைப்பட்டால் அங்கே போகும். அவருடைய நேரத்தாளை யாரும் டிசம்பருக்குப் பிறகு கேட்கவில்லை.

உள்ளூர்ப் பெற்றோர் இருவர், மாலை வகுப்பைக் குறைத்தது தங்கள் பிள்ளைகளுக்கு இழப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் உண்மை உண்டு. வீட்டில் படிக்க இடமில்லாத உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 5.40 வரை வகுப்பறை திறந்திருப்பதே உதவி. அவர்களுக்காக வகுப்பறையைத் திறந்து வைத்து, பாடம் நடத்தாமல் விட்டிருக்கலாம்; அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நேரத்தாள் அக்டோபரில் கொடுக்கப்பட்டது. ஜூனில் கொடுத்திருந்தால் ஆகஸ்டில் சிறப்பு வகுப்பு நேரத்தை வகுக்கும்போதே பேருந்து அட்டவணை மேசையில் இருந்திருக்கும். ஐந்து நாள் தாள் கூட வேண்டாம். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, காலையில் வீட்டு வேலை யாருடையது என்ற மூன்று கேள்விகள் போதும்.

பெயர்ப் பட்டியல் ஆசிரியரின் குறிப்பேட்டோடு நின்றிருக்க வேண்டும். குழுவுக்குத் தலைப்பே தேவைப்படவில்லை. 'வரைபடம் பழகுவோர்', 'இலக்கணம் பழகுவோர்' என்று வாராவாரம் மாறும் குழுக்களாக வைத்திருந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு வாரம் ஏதோ ஒன்றில் இருந்திருப்பார்கள்.

காலை உணவு இன்னொரு விடுபட்ட புள்ளி. மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே உணவு உண்டு. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அக்கா மதிய உணவு வரை தேநீரோடு இருந்தார் என்பது ஹீமோகுளோபின் அளவைப் பார்த்த பிறகே தெரிந்தது. மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் ஜனவரியிலிருந்து சுண்டல் ஏற்பாடு செய்தார்கள். 11 பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான கொண்டைக்கடலை போதுமானதாக இருந்தது. முதல் நாள் இரவே ஊறவைக்க யார் பொறுப்பு என்பது தீர்மானமாகாத நாட்களில் மட்டும் அது நடக்கவில்லை.

மாணவி அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் சேர்ந்தார். அந்த ஆண்டு மேல்நிலை வகுப்புகளுக்கான முதல் சுற்றறிக்கையில் சிறப்பு வகுப்பு காலை 8.15 என்றே இருந்தது. கிளை மேலாளருக்கு அனுப்பிய மனுவுக்குப் பதில் வரவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் இரண்டாவது மனு தயாரானது. இம்முறை நான்கு ஊர்ப் பெற்றோரின் கையெழுத்தோடு, 6.40-க்கும் 7.50-க்கும் நடுவில் 7.20-க்கு ஒரு நடை கேட்டு. மாணவர் பெயர்களின் கீழே இட்ட முதல் கையெழுத்து அவருடையது.